கம்ப்யூட்டர் படிக்காத வரி

யோவான் மாஸ்டர் தன் ஆயுசில் டைப்ரைட்டரைத் தவிர வேறு எதையும் அடித்தவரல்ல. அதைக்கூட அடித்தார் என்று சொல்வது பாவம். விரல் நுனியால் தொடுவார், எழுத்து தானாக எழுந்துபோய்க் காகிதத்தில் உட்காரும். ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், ‘எபினேசர் தட்டச்சுப் பயிலகம்’ என்ற போர்டின் கீழே தொண்ணூறுகள் முழுவதையும் கழித்தார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்து லோயர் பரீட்சை முடித்தவர்கள். மீதிப் பேர் முடிக்காமல் ஓடியவர்கள். இரண்டு தரப்புமே அவரை மாஸ்டர் என்றுதான் அழைத்தது.

அவருடைய கொள்கை ஒன்றே ஒன்று: பக்கத்தில் தப்பு இருக்கக் கூடாது. அழித்துத் திருத்துவதும் அவர் கணக்கில் தப்புதான். ஒருமுறை சர்ச் கமிட்டிக்காக அடித்துக் கொடுத்த நோட்டீசில் ஒரு கமா இடம் மாறிவிட்டது. வீடு வீடாகப் போய் நோட்டீசைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார். யாருமே படித்திருக்கவில்லை என்பதால் எல்லாம் கசங்காமல் புதிதாகவே திரும்பி வந்தன.

பேர் போட்டுக்கொள்வதில் அவருக்கு ஆசையில்லை. ஆபீஸ் கடிதத்தின் அடியில், இடது மூலையில், அடித்தவரின் இனிஷியலைச் சின்ன எழுத்தில் போட்டுக்கொள்வது டைப்பிஸ்டுகளின் வழக்கம். உலகம் டைப்பிஸ்டுக்கென்று ஒதுக்கிய இடமே அவ்வளவுதான். அதையும் மாஸ்டர் காலியாகவே விட்டுவிடுவார். வேலை சரியாக இருந்தால் யார் செய்தது என்று ஊருக்குத் தெரியாமலா போகும் என்பார். இந்த வயதிலும் ஊரைப் பற்றி இப்படி ஒரு நல்ல அபிப்பிராயம் வைத்திருந்தது அவர் குற்றமில்லை. வளர்ப்பு அப்படி.

இரண்டாயிரம் பிறந்ததும் டைப்ரைட்டர் படுத்தது. மாஸ்டர் மெஷின்களைக் கொடுத்துவிட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். போர்டில் ‘தட்டச்சு’ என்பதன் மேல் பெயிண்ட் அடித்து ‘கணினி’ என்று எழுதினார். கணினி என்றால் என்ன என்று நாலு பேர் மாடியேறி வந்து கேட்டதும், பக்கத்திலேயே கம்ப்யூட்டர் என்று எழுதிவிட்டார். வெப்சைட் செய்யும் வித்தையைப் புத்தகம் வைத்தே கற்றுக்கொண்டார். ஜாவாஸ்கிரிப்ட் அவருக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. ஒரு அடைப்புக்குறி தவறினாலும் மொத்தமும் நின்றுபோகும் என்றால், அது அவருடைய ஜாதகத்துக்குப் பொருந்திய பாஷை.

ஆனால் ஆட்கள் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு முகப்பிலேயே குமரேசன் ஏசி போட்டு நெட் சென்டர் திறந்திருந்தான். அவனும் வெப்சைட் செய்வான். செய்வான் என்றால், இருக்கிற ஒரு வெப்சைட்டை அப்படியே எடுத்துக் கடைப் பேரை மட்டும் மாற்றுவான். முதல் தடவை ஒரு சூரத் வியாபாரியின் சைட்டை எடுத்து, ஆரணி கொசப்பாளையத்துப் பட்டுக் கடை ஒன்றுக்குப் போட்டதில், தனக்குப் புரியாத பத்தியைக் கழித்துவிட்டான். சைட்டே திறக்கவில்லை. இரண்டாம் தடவை கடைப் பேரைத் தவிர எதையும் தொடவில்லை, போன் நம்பரைக்கூட. வெளிநாட்டிலிருந்து வந்த விசாரணைகளெல்லாம் சூரத்துக்கே போயின. அதிலிருந்து அவன் ஒரு பாடம் கற்றிருந்தான்: போன் நம்பரை மாற்று, புரியாததைத் தொடாதே. இந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு அவன் கார் வாங்கினான்.

மாஸ்டரின் மனைவி ஜெபராணி நர்சரி ஸ்கூல் டீச்சர். ஜெபராணியின் தம்பி வின்சென்ட்டுக்கு வேலூரில் டைல்ஸ் கடை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். “மாமா, அந்த மாடில குந்திகினு இன்னா பண்ணப் போறீங்க? இங்க வந்து பில்லு போடுங்க. மேல ரூம் காலியாத்தான் கீது” என்பான். நல்ல மனசோடுதான் சொல்வான். அதுதான் தாங்க முடியாதது. சின்ன மச்சினன் கல்லாவில் உட்கார்ந்திருக்க, மாஸ்டர் என்று ஊரே கூப்பிட்ட மனிதன் பக்கத்தில் பில் போட வேண்டும். ஜெபராணி கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். தீபாவளிக்குள் ஒரு பெரிய வேலை வந்து நிலைத்தால் ஆரணி, இல்லாவிட்டால் வேலூர். மாஸ்டர் தலையாட்டினார். அன்றிலிருந்து போர்டை நிமிர்ந்து பார்க்காமல் மாடியேறினார்.

பெரிய வேலை வந்தது. அபிதகுசாம்பாள் பட்டு மாளிகை முதலாளி தனசேகரன் தன் கடைக்கு வெப்சைட் வேண்டுமென்றார். கடைக்கு அவர் அம்மாவின் பேர். முழுப் பேரையும் வெப்சைட் விலாசத்தில் போட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால், அதைத் தப்பில்லாமல் டைப் செய்து உள்ளே போகக்கூடிய ஒரே மனிதர் ஆரணியில் யோவான் மாஸ்டர்தான். தனசேகரனுக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. அவருக்கு வேண்டியது வேறு.

அவர் கடையின் பேர்போன சரக்கு இரட்டை நிறப் புடவை. நீளவாக்கில் ஓடும் பாவு அரக்குச் சிவப்பு, குறுக்கே ஓடும் ஊடை பச்சை. கையில் பிடித்து அசைத்தால் சிவப்பு மெல்லப் பச்சையாகும், பச்சை மெல்லச் சிவப்பாகும். கம்ப்யூட்டரிலும் மவுஸை மேலே கொண்டுபோனால் புடவை அப்படி மாற வேண்டும், எடுத்தால் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும் என்றார். விஜயதசமியன்று திறப்பு விழா. பட்டு வியாபாரிகள் எல்லாரும் வருவார்கள். சரியாக வந்தால் அத்தனை கடையும் மாஸ்டருக்கு, சொதப்பினால் குமரேசனுக்கு. இதைத் தனசேகரன் மிரட்டலாகச் சொல்லவில்லை. காபி கொடுத்துக்கொண்டே சொன்னார்.

மாஸ்டர் செய்தார். நிறம் ஒரே தாவலாக மாறினால் பல்பு போட்டது போலிருக்கும். அதனால் சிறு சிறு படிகளாக மாற்றினார். ஒரு படி நிறம் மாறியதும், கண்ணிமைக்கிற நேரம் கழித்து அடுத்த படியை எழுப்பு என்று ஒரு டைமரிடம் சொல்லி வைப்பது. அது எழுந்து அடுத்ததற்குச் சொல்லி வைக்கும். மவுஸ் மேலே வந்தால் பச்சைக்குப் போகும் வரிசை கிளம்பும். மவுஸ் விலகினால் சிவப்புக்குத் திரும்பும் வரிசை கிளம்பும். மாஸ்டர் மவுஸை மெதுவாக மேலே வைத்தார். புடவை பச்சையாக மலர்ந்தது. காத்திருந்து எடுத்தார். சிவப்பாக அடங்கியது. ஒரு வாரம் விதவிதமாகச் சோதித்தார். ஒரு பிசிறும் இல்லை.

கடைக் கம்ப்யூட்டரில் தனசேகரன் முன்னால் போட்டுக் காட்டினார். அவர் மகிழ்ந்துபோய் மவுஸைத் தன் கையில் வாங்கினார். அடுத்த நிமிடம் புடவை நடுங்க ஆரம்பித்தது. சிவப்புமில்லை, பச்சையுமில்லை. இரண்டுக்கும் நடுவில் வெடவெடவென்று உதறியது. கையை எடுத்த பிறகும் நிற்கவில்லை.

“இன்னா மாஸ்டர், பொடவைக்குக் குளிர் ஜொரமா?” என்றார் தனசேகரன்.

மாஸ்டர் பதறிப்போய் மவுஸை வாங்கி, பக்கத்தை மூடித் திறந்து, மேலே வைத்துப் பார்த்தார். பூ மாதிரி மாறியது. எடுத்தார், அடங்கியது. தனசேகரன் தொட்டார், நடுங்கியது. கடைச் சிப்பந்திகள் ஒவ்வொருவராக வந்து தொட்டார்கள். ஒவ்வொருவருக்கும் நடுங்கியது. மாஸ்டர் தொட்டால் மட்டும் ஒழுங்குப் பிள்ளையாகிவிடும்.

அவர் மவுஸைக் கழற்றி வயிற்றிலிருந்த ரப்பர் உருண்டையைத் துடைத்தார். வேறு மவுஸ் கொண்டுவந்தார். வோல்டேஜ் குறைகிறது என்று சந்தேகப்பட்டார். அதைப் போனில் கேட்ட வின்சென்ட், வேலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு ஸ்டெபிலைசரை ஏற்றிவிட்டான். ஸ்டெபிலைசர் வந்து சேர்ந்தது, புடவை இன்னும் நிதானமான கரண்டில் நடுங்கியது. ஜெபராணி வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் இதை ஒரு விண்ணப்பமாக வைத்தார். சபை மொத்தமும் கண்ணை மூடி, நிறம் மாறும் ஒரு புடவைக்காக மன்றாடியது.

தனசேகரனோ வேறு கணக்குப் போட்டார். மாஸ்டர் கை பட்டால் சரியாகிறது, கடைக்காரன் கை பட்டால் கெடுகிறது. அப்படியென்றால் கோளாறு பெட்டியில் இல்லை, கண்ணில். எதிர்க் கடைக்காரன் கண் தன்மேல் விழுந்திருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் அவர் யோசனை மாஸ்டருடையதைவிட ஒழுங்காகத்தான் இருந்தது. யார் தொட்டால் கெடுகிறது என்பதையாவது அவர் கவனித்திருந்தார். ரப்பர் உருண்டையைத் துடைத்துக்கொண்டிருந்தவருக்கு அது தோன்றவில்லை.

விழாவுக்கு முந்தின சனிக்கிழமை. முதலாளி சாப்பிடப் போயிருந்ததால் மாஸ்டர் கடையில் காத்திருந்தார். எதிரே ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் புடவை எடுத்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. வேலூர் மாடி ரூமுக்கு ஜன்னல் உண்டா என்று யோசித்துக்கொண்டிருந்தார். கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருந்த ஒரு அம்மாள், விலையைக் கேட்பதற்கு முன், நிறத்தைப் பார்ப்பதற்கு முன், புடவையின் தலைப்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து முன்னும் பின்னுமாகத் தேய்த்தாள். அடுத்த புடவை, அதையும் தேய்த்தாள். பக்கத்திலிருந்தவள் வாங்கித் தேய்த்தாள். எடுத்துக் காட்டிய சிப்பந்தியே மடிக்கும் முன் ஒரு தடவை தேய்த்துக்கொண்டான்.

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பட்டுக்காரர்கள் பட்டைப் பார்ப்பது கண்ணால் இல்லை. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறார், எத்தனை கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், இது அவர் கண்ணில் பட்டதே இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்த தனசேகரனைக் கம்ப்யூட்டர் முன் உட்காரச் சொன்னார். இந்தத் தடவை திரையைப் பார்க்காமல் அவர் கையைப் பார்த்தார். கை மவுஸைப் பிடித்தது, புடவையின் மேல் கொண்டுபோனது, சரட் சரட்டென்று முன்னும் பின்னுமாகத் தேய்த்தது. புடவை நடுங்கியது.

கோளாறு அப்போதுதான் விளங்கியது. மாஸ்டர் டைப்பிஸ்ட். ஒரு முறை தொடுவார், முடியும்வரை காத்திருப்பார். பச்சைக்குப் போகும் வரிசை போய்ச் சேர்ந்த பிறகே சிவப்புக்குத் திரும்பும் வரிசை கிளம்பும். தேய்க்கிற கையில் அப்படியில்லை. பச்சைக்குக் கிளம்பியது பாதி வழியில் இருக்கும்போதே சிவப்பு வரிசையும் கிளம்பிவிடும். முன்னதை நிறுத்தச் சொல்ல ஆளில்லை. ஒன்று ஒரு படி ஏற்ற, இன்னொன்று ஒரு படி இறக்க, மேலும் தேய்த்தால் இன்னும் நாலு வரிசை வந்து சேர, எல்லாமாக ஒரே புடவையை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். எதுவும் போய்ச் சேராது, எதுவும் ஓயாது. சர்ச் கமிட்டியில் பல வருடம் இருந்தவருக்கு இந்த நிலைமை உடனே புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கமிட்டிக் கூட்டத்துக்கு நிற்காமல் மாடிக்கு ஓடினார். புது வரிசையைக் கிளப்பும் முன் பழைய டைமரை ரத்து செய் என்று ஒரே ஒரு வரி சேர்த்தார். கடைக்காரர் மாதிரி மவுஸைத் தேய்த்தார். நடுக்கம் நின்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் பக்கத்துப் புடவைக்கு மவுஸை நகர்த்தியபோது முதல் புடவை பாதி நிறத்தில், தோய்த்தெடுக்க மறந்த துணியாக அப்படியே நின்றுபோனது. எல்லாப் புடவைக்கும் ஒரே டைமர் எண்ணை வைத்திருந்தார். இதன் டைமரை நிறுத்தப் போய் அதன் டைமரை நிறுத்திவிட்டது. ஒவ்வொரு புடவைக்கும் அதனதன் எண்ணைக் கொடுத்தார். எந்த நிறத்தில் நிற்கிறதோ அங்கிருந்தே திரும்ப வைத்தார். பிறகு கை வலிக்கும்வரை தேய்த்தார். டீ கொண்டுவந்த ஜெபராணி, கணவர் மேஜையைத் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் டம்ளரை வைத்துவிட்டுப் போய் இன்னொரு ஜெபம் செய்தார்.

விஜயதசமி காலையில் பிளாப்பியும் கையுமாகக் கடைக்குப் போனார். மானிட்டருக்குச் சந்தனம், மவுஸுக்குக் குங்குமம், சிபியூவுக்கு மாலை. ஆயுத பூஜைக்குக் கடைக்கென்று ஒரு பூசணிக்காய் முந்தின நாளே உடைத்தாகிவிட்டது. இது கம்ப்யூட்டருக்கென்று தனி. மாஸ்டர் உள்ளே பிளாப்பியைப் போட்டு வேலையை முடித்த அதே நேரம், வாசலில் பூசணிக்காய் கற்பூரத்தோடு மூன்று சுற்றுச் சுற்றி நடுத்தெருவில் சிதறியது. எல்லாரும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். தனசேகரன் மவுஸைப் பிடித்துத் தேய்த்தார். புடவை பச்சையானது, சிவப்பானது, பச்சையானது, மவுஸ் நின்றதும் தானும் நின்றது. வியாபாரிகள் வரிசையில் வந்து தேய்த்தார்கள். எவருக்கும் நடுங்கவில்லை.

“பாத்தீங்களா?” என்றார் தனசேகரன் கண் கலங்கி. “கண்ணு எறங்கிடுச்சி.”

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு டைமரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பழையதை நிறுத்தாமல் புதியதைக் கிளப்பினால் என்ன ஆகும் என்று விளக்கினார். தனசேகரன் பொறுமையாகக் கேட்டார். பெரிய மனிதர், யாரையும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

“அதுவும் ஒரு காரணமா இருக்கலாம் மாஸ்டர்” என்றார்.

போர்டு பிழைத்தது. அன்றைக்கே நாலு கடைக்காரர்கள் வேலை கொடுத்தார்கள். நல்ல பூசணிக்காய் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும் தனசேகரனிடம் கேட்டுக்கொண்டு போனார்கள். வீட்டில் ஜெபராணி, ஆண்டவர் விண்ணப்பத்தைக் கேட்டார் என்று சபைக்குச் சாட்சி சொல்லத் தயாரானார். வின்சென்ட் போனில், “அந்த ஸ்டெபிலைசரு சாமானியப்பட்டது இல்ல மாமா” என்றான். ஆரணியில், வேலூரில், பரலோகத்தில் என்று எல்லாருமாகச் சேர்ந்து அந்தப் புடவையைச் சரிசெய்திருந்தார்கள். யோவான் ஒருவர்தான் பாக்கி.

அவருக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடத்தில் வராத கோபம். வேலூர் போக வேண்டியதில்லை என்ற சந்தோஷத்தைக்கூட அது தின்றுவிட்டது. மாடிக்குப் போய் அந்தப் பக்கத்தைத் திறந்தார். ஜாவாஸ்கிரிப்டில் இரண்டு சாய்கோடு போட்டுவிட்டு எதை எழுதினாலும் கம்ப்யூட்டர் அதைப் படிக்காது, தாண்டிப் போய்விடும். மனிதர் படிக்க வேண்டிய குறிப்புக்காக வைத்த வசதி அது. டைமரை நிறுத்தும் அந்த ஒற்றை வரிக்கு நேர் மேலே, இரண்டு சாய்கோடு போட்டு, இங்கிலீஷ் எழுத்தில், ‘இதைச் சரி செய்தவன் யோவான், ஆரணி’ என்று அடித்தார். இனிஷியலில் நிறுத்தவில்லை. முழுப் பேர். அடித்து, சைட்டில் ஏற்றி முடித்ததும் வெட்கமாக இருந்தது. ஆனாலும் அழிக்கவில்லை. அழிப்பது அவர் கொள்கையில் தப்பு.

வருடங்கள் ஓடின. மாஸ்டர் செய்தது சில கடைகள். மற்ற கடைகளெல்லாம் குமரேசனிடம் போயின. ஆனால் எல்லாக் கடைப் புடவைகளும் ஒரே மாதிரி, மாஸ்டர் கைவேலையாகவே நிறம் மாறின. அவருக்குத் தெரியும். திருடன் வீட்டில் தன் செம்பைப் பார்த்தவர் போலப் பேசாமல் இருந்தார்.

ஒருநாள் குமரேசனே மாடியேறி வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“தப்பா நெனச்சிக்காதீங்க மாஸ்டர். உங்க புரோகிராமைத்தான் எல்லாக் கடைக்கும் போட்டுகினு வர்றேன்” என்றான். “அதுல உங்க பேரு ஒரு வரி வருது. ஒரு கடைக்காரரோட மருமவன் பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலைல இருக்காரு, அவரு அதப் பாத்துட்டு, நம்ம கடைல யாரு இந்த யோவான்னு ஒரே பேஜார். சரின்னு அத எடுத்தேன். எடுத்ததும் பொடவை வெடவெடன்னு நடுங்குது. திரும்பப் போட்டேன், நின்னுடுச்சி. ரெண்டு கடைல பாத்துட்டேன் மாஸ்டர். உங்க பேரு இல்லாம ஓட மாட்டேங்குது.”

மாஸ்டர் எப்படி எடுத்தாய் என்று கேட்டார். குமரேசன் ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினான். பேர் இருந்த வரியோடு அடுத்த வரியையும் சேர்த்து வாரியிருக்கிறான். அடுத்த வரிதான் டைமரை நிறுத்துவது. திரும்பப் போடும்போது இரண்டையும் போட்டிருக்கிறான்.

ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். என் பேர் ஒன்றும் செய்யாதப்பா, அதைக் கம்ப்யூட்டர் படிப்பதேயில்லை, கீழே இருப்பதை மட்டும் விட்டு வை. உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கமாவுக்காக வீடு வீடாக நடந்த மனிதர். ஜன்னல் வழியாகப் போர்டின் பின்பக்கம் தெரிந்தது. பூசணிக்காய் ஞாபகம் வந்தது. ஸ்டெபிலைசர் ஞாபகமும் வந்தது.

“எடுக்காத குமரேசா” என்றார். “எடுத்தா நிக்காது.”

“இடம் மாத்திப் போடலாமா?”

“மாத்தாத. அதே எடத்துல, அதே மாதிரி இருக்கணும்.”

குமரேசன் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு இறங்கிப் போனான். அன்று ராத்திரி ஜெபத்தில் மாஸ்டர் வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக முழங்காலில் நின்றார். புது டிசைனர்கள் வந்தார்கள், குமரேசனிடமிருந்து எடுத்தார்கள், எதை மாற்றினாலும் அந்த வரியைத் தொடக் கூடாது என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள். ஆரணிப் பட்டுக் கடைகளில் முக்கால்வாசி ‘இதைச் சரி செய்தவன் யோவான்’ என்று உள்ளே எழுதி வைத்துக்கொண்டுதான் உலகத்துக்குப் புடவை விற்றன. கம்ப்யூட்டர் மட்டும் ஒரு தடவைகூட அதைப் படிக்கவில்லை.